சேகரத்துக்கு ஒரு கட்டு, சபைக்கு ஒரு கட்டு

தென்மாவட்ட சி.எஸ்.ஐ. திருமண்டலம் ஒன்றின் புத்தகக் கிடங்கு அது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், போடவில்லை. அச்சகத்துக்குப் பின்புறம் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். முன்பு ஆஸ்டல் பையன்களின் சாப்பாட்டுக் கூடமாக இருந்ததாம். தரையில் கடப்பைக் கல், சுவரோரம் மரத் தட்டுகள், தட்டுக்குத் தட்டு பெயின்டில் எழுதிய ஊர்ப் பெயர். நான் போனபோது லெந்து நாட்களுக்கான தியானப் புத்தகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெண்கள் தரையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுக்க, ஒரு பையன் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டு போட்டான்.

"நாப்பத்தஞ்சு, இருவத்திரெண்டு, பதிமூணு. ஏ, பதிமூணுல்லா சொன்னேன், ஒண்ணு கூட இருக்கு பாரு" என்று ஒருத்தி இன்னொருத்தியைத் திருத்தினாள்.

அந்தப் பதிமூன்றைப் பார்க்கத்தான் நான் போனது. எந்தப் புத்தகக் கிடங்கிலும் ஐம்பது, நூறு என்றுதான் கட்டுவார்கள். எண்ணுவது எளிது, அடுக்குவது எளிது, பில் போடுவது எளிது. இங்கே பதிமூன்று, இருபத்திரண்டு, ஏழு என்று சில்லறையாகக் கட்டுகிறார்கள். சபைகளுக்குப் புத்தகம் அனுப்பும் முறையை மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டால், வண்டி வாங்கியிருப்பார்கள், கூரியர் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் தள்ளியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். இவர்கள் அதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கட்டு கட்டும் விதத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

கிடங்குப் பொறுப்பாளரை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சட்டைப் பையில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பேனா. எதற்கு மூன்று என்று கேட்டதற்கு, கேட்ட எண்ணிக்கை நீலம், போன எண்ணிக்கை பச்சை, மிஞ்சிய எண்ணிக்கை சிவப்பு என்றார். "சிவப்புதான் சார் நமக்கு முக்கியம். முன்னால இந்த ஆபீசுல சிவப்பு பேனாவே கிடையாது."

முன்னால் எப்படி நடந்தது என்பதைச் சொல்ல, சேகரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு குருவானவர் பொறுப்பில் இருக்கிற பல ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். தலைமை ஊரில் பெரிய கோயிலும் குருவானவர் குடியிருக்கும் பங்களாவும் இருக்கும். சுற்றியுள்ள சிற்றூர்களில் சின்னக் கோயில்கள். அங்கே ஞாயிறு ஆராதனையையும் அன்றாட ஜெபத்தையும் நடத்துகிறவர் உபதேசியார். சில இடங்களில் இரண்டு மூன்று ஊருக்கு ஒருவர்தான். குருவானவரை இந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.

மாதா மாதம் ஊழியர் கூட்டம் நடக்கும். ஐயர்மாரும் உபதேசிமாரும் தலைமையிடத்துக்கு வருவார்கள். சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, கிடங்குக்கு வந்து மாத இதழ், ஞாயிறு பள்ளிப் பாடப்புத்தகம், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாள்கள், பருவத்துக்கு ஏற்ற தியானப் புத்தகம் எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்கள். டெலிவரி செலவு திருமண்டலத்துக்கு ஒரு பைசா இல்லை. பிறகு சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போனது. கூட்டத்துக்கு ஐயர்மார் வந்தார்கள், உபதேசிமார் வருவது குறைந்தது. புத்தகத்துக்காக யாரும் வரவில்லை, பணத்துக்காக வந்தவர்கள் கையோடு புத்தகத்தையும் எடுத்துப் போனார்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. ஆண்டுக்கணக்காக யாரும் திட்டமிடாமல் தானாக ஓடிய ஒரு விநியோக முறை, பாங்க் பாஸ்புக்கால் நின்றுபோனது.

அடுத்து டாடா ஏஸ் வைத்தார்கள். மாதம் ஒரு தடவை, பாதை பிரித்து, ஒவ்வொரு பங்களா வாசலிலும் கட்டு இறங்கியது. தலைமையிடத்துக் கணக்கில் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட ரசீது இருந்தது. ஆனால் பெண்கள் சங்க மாநாட்டு அறிவிப்பு மாநாடு முடிந்த பிறகு கிராமத்துக்குப் போயிருக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பழைய ஆண்டுப் புத்தகத்தையே வைத்திருந்தார்கள். கட்டில் ஐயர் பெயர் எழுதியிருந்ததால் இன்னொரு கூத்தும் நடந்தது. இடமாற்றம் வந்த மாதங்களில் பழைய ஐயர் பெயருக்கு வந்த கட்டைப் பிரிக்கப் புது ஐயர் தயங்கினார். இரண்டொரு கட்டு பழைய ஐயரைத் தேடிக்கொண்டு அடுத்த சேகரத்துக்கே போய்விட்டது.

லெந்து புத்தகத்தில்தான் இது பெரிய தலைவலி. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் ஈஸ்டரைப் பொறுத்து நகர்கிற நாள். பிப்ரவரி 4 வரைக்கும் முன்னால் வரலாம், மார்ச் 10 வரைக்கும் பின்னால் போகலாம். 2025இல் மார்ச் 5. 2026இல் பிப்ரவரி 18. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காணிக்கைக் கணக்கு முடிப்பு எல்லாம் ஓய்வதற்குள் அச்சுக்குக் கொடுத்து, கட்டி, அனுப்பியாக வேண்டும். நாளுக்கு ஒரு தியானம் என்று எழுதிய புத்தகம் ஒரு வாரம் தாமதித்தால் ஏழு தியானம் வீண். அல்மனாக்கும் அப்படித்தான். எந்த ஞாயிறு எந்தப் பாடம் வாசிப்பது, பீடத்தில் என்ன நிறத் துணி விரிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. திருச்சபை ஆண்டு தொடங்கும் திருவருகை ஞாயிறுக்கு முன்னால், நவம்பர் முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். மாத இதழ் தாமதமானால் முணுமுணுப்போடு போகும். இவை அப்படிப் போகாது.

தபாலில் அனுப்பலாமே என்றால், அதையும் அண்ணாச்சி விரல்நுனியில் வைத்திருக்கிறார். பதிவுப் புத்தகத் தபால் என்ற சலுகைச் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பர் 18 முதல் நிறுத்தியது. தமிழ்ப் பதிப்பகங்கள் எல்லாம் கையைப் பிசைந்த சமயம் அது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது. கல்வி, பண்பாட்டுப் புத்தகங்களோடு சமயப் புத்தகங்களுக்கும் அது பொருந்தும். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. லெந்து புத்தகம் 48 பக்கம், ஒரு பிரதி ஐம்பது கிராமுக்குச் சற்றுக் குறைவு. நூறு பிரதி ஒரு பார்சலில் அடங்கும். பிரதிக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆறு பிரதி மட்டும் போகிற குட்டிச் சபைக்கோ 20 ரூபாய். பிரதிக்கு மூன்று ரூபாயைத் தாண்டுகிறது. அதோடு கிளை அஞ்சலகத்துக்கு வந்து கிடக்கும் பார்சலை எடுக்க உபதேசியார் வேலையைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் கேட்டால் ஞான் போஸ்ட். மாத இதழுக்கு அது செல்லாது. உள்ளே விளம்பரம் இருக்கிறது. திருமண வாழ்த்தும் நினைவஞ்சலியும் பாத்திரக் கடையும் இல்லாமல் எந்தத் திருமண்டல இதழ் நடக்கும்? அது பதிவு பெற்ற பத்திரிகைக்கான சலுகையில், குறித்த தேதியில், குறித்த அஞ்சலகத்தில் கொண்டுபோய்ப் போடப்படுகிறது.

"வாட்ஸ்அப்?"

"பேராயர் சுற்றறிக்கை எல்லாம் அதுலதான் போவுது. அது ஐயர் கையில ஒண்ணு இருந்தாப் போதும்லா, பீடத்துல நின்னு வாசிச்சிருவாரு. தியானப் புத்தகம் அப்படியா? வீட்டுக்கு வீடு வேணும்."

கிடங்கின் மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞர்தான் சில்லறைக் கட்டு யோசனையைச் சொன்னவர் என்று அண்ணாச்சி காட்டினார். அவர் தலை நிமிராமலே பேசினார். வண்டி சேகரத்துக்குத்தான் போகும், அதை மாற்ற முடியாது, டீசல் கட்டாது. ஆனால் சேகரத்துக்கு நூற்றிருபது பிரதி ஒரே கட்டாக இறங்கினால், அதைப் பிரித்து, எண்ணி, ஊர் ஊராக ஒதுக்கும் வேலை பங்களாவில் இருக்கிற யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. ஐயர் சாவு வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது கமிட்டியில் இருப்பார். கட்டு கட்டாகவே கிடக்கும். அந்த எண்ணும் வேலையை இங்கேயே செய்துவிட்டால்? பெரிய கட்டுக்குள் சின்னக் கட்டுகள்; ஒவ்வொரு சின்னக் கட்டின் மேலும் ஊர்ப் பெயர், எண்ணிக்கை, ஒரு சீட்டு. ஆள் பெயரே கிடையாது. "உபதேசியார், இன்ன சபை" என்று மட்டும். உபதேசியார் பங்களாவுக்கு எதற்காக வந்தாலும் தன் ஊர்ப் பெயர் போட்ட கட்டைப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேட்கும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குக் கிடங்கில் இரண்டு ஆள் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது என்பதையும், வண்டி வாங்குவதற்கு உடனே சம்மதித்த கமிட்டி, கட்டு கட்டுவதற்குச் சம்பளமா என்று கேட்டு இதைப் பல மாதம் இழுத்தடித்தது என்பதையும் அண்ணாச்சி சொன்னார். எனக்கு ஆச்சரியமில்லை. வண்டிக்கு முன்னால் நின்று ஜெபித்து, ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம். கட்டுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பியது. டிரைவர் பக்கத்தில் எனக்கு இடம். பின்னால் கட்டுகளோடு கட்டாக அந்தப் பையன். ஊர் தாண்டியதும் செம்மண் தேரியும் பனையும்.

தரங்கம்பாடி மிஷனுக்கு அச்சு வந்த கதையே சரக்கு போய்ச் சேராத கதைதான் என்று போகிற வழியில் நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்த மிஷனரி சீகன்பால்குவுக்காக லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. சங்கம் 1711இல் அச்சு இயந்திரம் அனுப்பியது. பிரேசில் கரைக்கருகே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். இயந்திரம் ஒருவழியாக 1712இல் சென்னைக்கு வந்தது. அதை ஓட்டுவதற்காகக் கூட வந்த யோனாஸ் ஃபிங்க் வழியிலேயே இறந்துவிட்டார். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தன. அவை பெரிதாக இருந்ததால் தாளை ஏராளமாகத் தின்றன; அதனால் எஸ்.பி.சி.கே. அனுப்பிய பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈயத்தை உருக்கி இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். புதிய ஏற்பாடு 1714-15இல் வெளியானது. எழுத்தின் அளவும் தாளின் செலவும் அன்றைக்கே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தன.

முதல் நிறுத்தம் ஒரு பழைய சேகரம். பங்களா வராந்தாவில் நீளமான பெஞ்சு. பையன் பெரிய கட்டை அறுத்து, உள்ளே இருந்த சின்னக் கட்டுகளை ஊர்ப் பெயர் தெரியும்படி பெஞ்சில் வரிசையாக வைத்தான். ஐந்து நிமிட வேலை. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியார் ரசீதில் கையெழுத்துப் போட்டார். ஐயர் ஊரில் இல்லை, அதனால் எதுவும் தடைப்படவில்லை. ஐயரின் மனைவி ஐயரம்மா காப்பி கொடுத்துவிட்டு, "மேல வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று மாடிக்குக் கூட்டிப்போனார்கள்.

மாடி அறையில் பழைய கட்டுகள். கூரை வரைக்கும் இல்லாவிட்டாலும் நெஞ்சு உயரத்துக்கு இருந்தன. பிரிக்காத மாத இதழ்கள், எப்போதோ நடந்த விடுமுறை வேதாகமப் பள்ளிப் புத்தகங்கள், செல்லரித்த தியானப் புத்தகங்கள். சில கட்டுகளில் நாடாவுக்குப் பதில் சணல், அவ்வளவு பழசு.

"எடைக்குப் போடலாமே" என்றேன்.

"எப்படிப் போட? வேத வசனம்லா இருக்கு. அதுல பஜ்ஜி மடிச்சுக் குடுப்பான். எரிக்கவும் மனசு வரல. முன்னால இருந்த ஐயரம்மாவும் இப்படியே விட்டுட்டுப் போனாங்க, அவங்களுக்கு முன்னால உள்ளவங்களும் அப்படித்தான்."

பழைய முறையின் உண்மையான கணக்குப் புத்தகம் அந்த அறைதான். சாதாரண வாரப் பத்திரிகை மிஞ்சினால் கடைக்காரன் திருப்பி அனுப்புவான், அல்லது எடைக்குப் போடுவான். எப்படியும் எண்ணிக்கை வெளியே வந்துவிடும். வசனம் அச்சான தாளுக்கு அந்த வழி இல்லை. திருப்பி அனுப்பினால், உன் சபையில் வாசிக்க ஆள் இல்லையா என்ற கேள்வி வரும். எறியவும் கூடாது. அதனால் மாடிக்கு ஏறுகிறது. கீழே தலைமையிடத்தில் "சேகரம் 120" என்று எழுதியது மாறாமல் ஆண்டுக்கு ஆண்டு ஓடுகிறது. சேகரத்துக் கணக்கிலிருந்து பணமும் ஆண்டுக்கு ஆண்டு பிடிக்கப்படுகிறது. பக்தி இந்த விஷயத்தில் தணிக்கையாளரின் வேலையை ரொம்பவே கெடுத்திருக்கிறது.

சின்னக் கட்டோடு போகிற சீட்டு இதற்காகத்தான். கேட்டது, வந்தது, கொடுத்தது, மிஞ்சியது என்று நான்கு கட்டம். உபதேசியார் அதை நிரப்பி வண்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். மிஞ்சினால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்பது அண்ணாச்சி போட்ட விதி. கேட்டால் அடுத்த மாதம் எல்லாச் சீட்டிலும் மிச்சம் பூஜ்யம் என்றுதான் வரும். நாற்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவருக்கு இது தெரியாதா?

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் உபதேசியார் பைக்கில் வந்தார். அறுபதை நெருங்குகிறவர். மூன்று சபைக்குப் பொறுப்பு. பெஞ்சில் இருந்த மூன்று கட்டையும் ஹேண்டிலில் மாட்டிய துணிப்பையில் போட்டார். கூட வரச் சொன்னார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முதல் ஊரில் கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கிற பாட்டி வயலுக்குப் போயிருந்தார்கள். கட்டை அவர்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்தோம். இரண்டாவது ஊரில் அவரே வீடு வீடாகக் கொடுத்தார். பதிமூன்று பிரதிக் கட்டு இந்த ஊருக்குரியதுதான். கிறிஸ்தவ வீடுகள் பதிமூன்றுக்கு மேலேயே இருக்கின்றன. சில வீடுகளை அவர் தாண்டிப் போவதைக் கவனித்துக் கேட்டேன்.

"அங்க பிள்ளைங்க மட்டும் இருக்கு, அப்பன் ஆத்தா திருப்பூர்ல. இந்த வீட்டுல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு கல்யாணமாகிப் போயிட்டு. போன வருஷம் குடுத்தேன், அரிசி மூட்டைக்கு அடியில கெடந்துது."

"அவங்களுக்குக் குடுக்கலேன்னா வருத்தப்பட மாட்டாங்களா?"

"வருத்தப்படுவாங்க. அதான் ரெண்டு கைவசம் வச்சிருக்கேன். கேட்டா குடுத்துருவேன்."

ஆக, பதிமூன்று என்பது பதினொன்றும் கேட்டால் கொடுக்க இரண்டும். தலைமையிடத்துக் கம்ப்யூட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஊரில் யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்த ஆளிடம் எண்ணைக் கேட்டு வாங்கியதுதான் இந்த மாற்றத்தில் பாதி. முன்பு அந்த எண்ணைச் சொன்னது குடும்பப் பதிவேடு. அதில் திருப்பூருக்குப் போனவர்களும் இருக்கிறார்கள்.

கடைசி வீட்டில் ஒரு வயதான அம்மா புத்தகத்தை வாங்கி, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். கை நீண்டுகொண்டே போனது.

"என்னய்யா உபதேசியாரே, வருஷா வருஷம் எழுத்து எறும்பாட்டம் ஆயிட்டே வருது. போன்ல பேத்தி பெருசாக்கிக் காட்டுதா. இதை எப்படிப் பெருசாக்க?"

"சொல்லுதேன் அம்மா."

"நீ சொல்லுவ. அவங்க கேக்கணும்லா?"

உபதேசியார் பையிலிருந்து சீட்டை எடுத்து, மிஞ்சியது என்ற கட்டத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் "எழுத்து பெரிசு வேணும், 5 பேர்" என்று எழுதினார். ஐந்து எப்படி என்று கேட்டேன். இந்த ஊரில் இவர்கள், மற்ற ஊர்களில் இருக்கிற நால்வரையும் தனக்குத் தெரியும் என்றார்.

உபதேசியார் என்னையும் சீட்டையும் வண்டியில் சேர்த்துவிட்டார். இருட்டுவதற்குள் நாங்கள் கிடங்குக்குத் திரும்பியபோது அச்சக மேலாளர் வந்து அண்ணாச்சியோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு சூடாகத்தான் இருந்தது. சீட்டு வரத் தொடங்கிய பிறகு அச்சடிக்கும் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. எவ்வளவு என்று கேட்டதற்கு இருவருமே சொல்லவில்லை. எண்ணிக்கை இறங்கினால் பிரதி விலை ஏறும். ஆயிரம் அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் பிளேட் செலவும் மெஷின் ஏற்றும் கூலியும் ஒன்றுதான். அந்த மாடி அறையில் கிடந்த கட்டுகள்தான் இத்தனை நாள் விலையை இறக்கிப் பிடித்திருக்கின்றன என்பது மேலாளரின் கட்சி. "வாசிக்காதவன் குடுத்த காசுலதான் வாசிக்கிறவனுக்கு மலிவா கிடைச்சுது. இப்ப அவனை வெட்டிட்டீங்க." முழுக்கத் தப்பான வாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் செல் தின்னும் காகிதத்துக்கு ஏழைச் சபையின் காணிக்கையிலிருந்து பணம் பிடித்ததை அவர் எந்தக் கணக்கில் எழுதுவார் என்று கேட்கத் தோன்றியது. அண்ணாச்சியே கேட்டுவிட்டார்.

பையன் அன்றைய சீட்டுகளை மேசையில் வைத்தான். அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிவப்புப் பேனாவில் குறித்துக்கொண்டு வந்தவர், உபதேசியார் சீட்டில் நின்றார். பெரிய எழுத்து கேட்டு வந்த சீட்டுகளைத் தனியாக ஒரு கிளிப்பில் போட்டு வைத்திருக்கிறார். இதையும் அதில் சேர்த்தார். கிளிப் கொள்ளாத அளவுக்கு இருந்தது.

"பெரிய எழுத்துன்னா நாப்பத்தெட்டு பக்கத்துல அடங்காது" என்றார் மேலாளர். "பதினாறு பதினாறாத்தான் கூட்ட முடியும். அறுவத்து நாலு பக்கம்."

அண்ணாச்சி நீலப் பேனாவை எடுத்துச் சீட்டின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தார். "அறுவது கிராமுக்கு மேல வரும். அப்போ தபாலுக்கு நூறா கட்ட முடியாது. எழுவத்தஞ்சுதான்."

"எழுவத்தஞ்சோ, நூறோ, அது உங்க பாடு. மொத்தம் எத்தனைன்னு சொல்லுங்க. நான் தாள் வாங்கணும்."

"எல்லாச் சீட்டும் வரட்டும்" என்றார் அண்ணாச்சி.